மரத்தைத் தட்டிக் கேட்ட பறவை

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மரங்கொத்திக்கு மரத்தைக் கொத்தும் வழக்கமே கிடையாது. பழம் தின்று, பாடித் திரிந்தது. காட்டிலேயே இனிமையான குரல் அதற்குத்தான். மலைக்காரர்கள் அதைப் பாட்டுக்காரி என்று கூப்பிட்டார்கள்.

அந்த மலையில் கெம்பன் என்று ஒருவன் இருந்தான். வில் செய்வதில் கெட்டிக்காரன். அவன் மனைவி நஞ்சி. அவன் மரம் செதுக்கும் நேரமெல்லாம் அவள் தினைக்கொல்லையில் இருப்பாள். வில் எப்படி உருவாகிறது என்று அவள் கேட்டதுமில்லை, அவன் சொன்னதுமில்லை. அவர்களுக்கு மாதி என்று ஐந்து வயதில் ஒரு மகள்.

ஓர் ஆடி மாதம் கெம்பன் மாதியையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் தேனெடுக்கப் போனான். அவர்கள் திரும்புவதற்குள் மலையுச்சியில் மழை கொட்டி ஆறு பொங்கிவிட்டது. மகளைக் கரையில் நிறுத்திவிட்டு, கொடிப்பாலம் தாங்குமா என்று பார்க்க அவன் நாலடி வைத்தான். பாலம் அறுந்தது. எப்படியோ கரையைப் பிடித்து ஏறிவிட்டான். ஆனால் பாறையில் மோதி வலது கை ஒடிந்துபோனது. தோளில் இருந்த வில்லை ஆறு கொண்டுபோயிற்று.

அவர்களுக்குப் பின்னால் செங்குத்தான மலை. முன்னால் வெள்ளம். கையில் ஒரு குடுக்கை தேனும் கொஞ்சம் கிழங்கும்.

ஊர் இருந்த இக்கரையில் ஆண்கள் யாரும் இல்லை. வில்லும் அம்புமாகக் கடுக்காய் விற்க அடிவாரம் போனவர்கள் வெள்ளத்தால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கயிற்றில் கல்லைக் கட்டி வீசிப் பார்த்தார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை. கத்தினால் ஆற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

பாட்டுக்காரி நார் நூலின் நுனியைக் கவ்விக்கொண்டு பறந்தது. நடு ஆற்றில் நனைந்த நூலின் கனம் அதைக் கீழே இழுத்தது. நூலை விட்டுவிட்டு, தண்ணீரைத் தொட்டுத் தப்பி, கெம்பனிடம் போய் விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நஞ்சியிடம் திரும்பி வந்தது.

"மாமா சொல்றாரு, அம்பில் நூலைக் கட்டி விட்டால் அங்கே போய்ச் சேருமாம். நீதான் வில் செய்யணுமாம், அக்கா."

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் நஞ்சி.

"அதைத்தான் நானும் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் வந்து சொல்றேன்."

நஞ்சி காத்திருக்கவில்லை. வில்லுக்குச் சடச்சி மரம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். நேரான ஒன்றை வெட்டி, பிளந்து, அன்றைக்கே செதுக்கினாள். நாண் கட்டி, சீவிய மூங்கில் குச்சியை அம்பாக வைத்து இழுத்தாள். வில் வளைந்தது; வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. அம்பு அவள் காலடியில் விழுந்தது.

பறவை போய்ச் சொல்லிவிட்டு வந்தது. "பச்சை மரம் அப்படித்தானாம். காய ஆறு மாதம் ஆகுமாம். போன வருஷக் காற்றில் சாய்ந்து, தரையில் படாமல் மற்ற மரத்தில் மாட்டி நிற்குமே, அந்த மாதிரி தானாகக் காய்ந்ததைத் தேடணுமாம். வெட்டின மரத்தை வீணாக்காதே, அதன் பட்டையில் நாண் திரின்னு சொன்னாரு." கொஞ்சம் தயங்கி, "கையை வெட்டிக்காதே என்றும் சொன்னாரு" என்றது.

நஞ்சியின் இடது பெருவிரலில் ஏற்கெனவே துணி சுற்றியிருந்தது.

சாய்ந்து காய்ந்த மரம் ஒன்று கிடைத்தது. இரண்டு நாள் செதுக்கினாள். முதல் முறை இழுத்ததுமே அது நடுவில் முறிந்தது. உள்ளே முழுக்கப் புழு அரித்திருந்தது. அன்றைக்கு நாலாம் நாள். நஞ்சி முறிந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வெளியே நன்றாகத்தானே இருந்தது. உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

பாட்டுக்காரி இதைக் கெம்பனிடம் கொண்டுபோயிற்று. அவன் அருகில் காய்ந்த சடச்சி ஒன்று நின்றது. இடது கையால் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டினான். டண் என்று கேட்டது.

"இதைக் கேட்டுக்கோ. உள்ளே கெட்டி என்றால் இந்தச் சத்தம். சொத்தை என்றால் தொப் என்று விழும். அவளைத் தட்டிப் பார்க்கச் சொல்லு."

"அக்காவுக்கு இந்தச் சத்தம் தெரியாதே, மாமா. கேட்டது நான்தானே? நானே தட்டுறேன்."

கெம்பன் அதன் மெல்லிய அலகைப் பார்த்தான். "வேண்டாம். தலை முழுக்க அதிரும். உன் தொண்டை உடைந்துபோகும். அப்புறம் உன்னால் பாட முடியாது."

மாதி அப்பாவின் மடியில் சுருண்டு கிடந்தாள். கிழங்கு தீர்ந்திருந்தது. தேனை விரலில் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். பறவை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு இக்கரைக்குப் பறந்தது.

காட்டில் காய்ந்து நின்ற மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டியது. தட்டும், தலையைச் சாய்த்துக் கேட்கும், அடுத்த மரத்துக்குப் போகும். நஞ்சி கோடரியோடு பின்னாலேயே நடந்தாள். பொழுது சாயும்போது ஓடை மேட்டில் ஒரு மரத்தைத் தட்டியது. டண். மறுபடியும் தட்டியது. டண்.

"இதுதான் அக்கா" என்றது. குரல் கரகரத்திருந்தது.

அந்த மரத்தை நஞ்சி வெட்டினாள். ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளந்தாள். பறவை இரண்டு நாள் அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் பறந்தது. ஒவ்வொரு தடவையும் அதன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"பட்டைக்கு அடியில் இருக்கிற பக்கம்தான் வில்லின் முதுகு, அதில் கத்தி படக்கூடாது. உள்பக்கம் மட்டும் செதுக்கு."

"கொஞ்சம் வளைத்துப் பாரு. விறைப்பா நிற்கிற இடத்தில் மட்டும் சுரண்டு."

கடைசியாக வந்தபோது, "பொறுமையா" என்று மட்டும் சொன்னது.

நஞ்சி சுரண்டினாள், வளைத்தாள், மறுபடி சுரண்டினாள். வில்லின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும்வரை நாண் ஏற்றவில்லை. ஏழாம் நாள் காலையில் நாணை இழுத்துவிட்டபோது வில் தன் வடிவத்துக்கே திரும்பியது.

முதல் அம்பு ஆற்றில் விழுந்தது. நூலைச் சுருட்டி இழுத்து, காயவைத்து, வாழையிலையில் தளர்வாகப் பரப்பினாள். காற்று அடங்கும்வரை நின்றாள். இரண்டாவது அம்பு அக்கரைப் புதரில் போய்ச் செருகிக்கொண்டது. மாதி தவழ்ந்து போய் அதை எடுத்தாள். மெல்லிய நூலை இழுக்க நார்க்கயிறு வந்தது. நார்க்கயிற்றை இழுக்கக் கனத்த கொடி வந்தது. கெம்பன் ஒற்றைக் கையாலும் பல்லாலும் அதை மரத்தில் இறுக்கினான். நஞ்சி கொடியைப் பற்றித் தொங்கியபடி அக்கரை போய், மகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு மறுபடி போய்ப் புருஷனை இடுப்போடு சேர்த்துக் கட்டி அழைத்து வந்தாள்.

கெம்பன் வில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கீழ்ப்பக்கம் ஒரு மயிரிழை தடிமன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "இனிமேல் வில் செதுக்கும்போது நீயும் கூட உட்காரு."

பாட்டுக்காரி வாயைத் திறந்தது. கிக், கிக் என்றுதான் வந்தது. நஞ்சி அதைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதாள். ஆனால் அந்தப் பறவை அழுதுகொண்டு உட்காரவில்லை. பசி எடுத்தபோது, தொப் என்று கேட்ட ஒரு மரத்துக்குப் பறந்துபோய்ப் பட்டையைப் பெயர்த்தது. உள்ளே கொழுத்த புழுக்கள். பழமில்லாத மழைமாதத்திலும் அதன் குஞ்சுகள் பட்டினி கிடக்கவில்லை. தட்டத் தட்ட அலகும் உளிபோல உறுதிப்பட்டது.

அன்று முதல்தான் மரங்கொத்தி மரத்தைத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. அந்த மலையில் வில்லுக்கு மரம் தேடிப் போகிற ஆணும் பெண்ணும் கோடரியைத் திருப்பிப் பிடித்து, முதலில் ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்ட பிறகே மரத்தை வெட்டுகிறார்கள்.