சிவப்புக் கோடு போட்ட பெடல்

கிதார் வாசிக்கிறவர்களின் காலடியில் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று கிடக்குமே, பார்த்திருப்பீர்கள். அதைக் காலால் அழுத்தினால் கிதாரின் குரலே மாறிவிடும். பெடல் என்பார்கள். அப்படி ஒரு பெடலுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை இது. தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள்தான். ஆகவே நடுவில் காபி குடிக்க எழுந்து போகாமல் கேளுங்கள்.

கொடைக்கானலில் பிலோமினா என்று ஒருத்தி. எல்லோருக்கும் பிலோமி அக்கா. பெடல்களைத் தன் கையாலேயே செய்கிறவள். ஒரு காலத்தில் நன்றாக வாசித்தவளும்கூட. மூட்டுவாதம் வந்து விரல்கள் மடங்காமல் போய்விட்டன. காதுக்குள் மட்டும் ஒரு ஒலி கேட்டுக்கொண்டே இருந்ததாம். அதை வேறு யார் விரலிலாவது உயிரோடு கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

அதற்காக ஒரு பெடல் செய்தாள். பழைய ரேடியோக்களில் இருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைத் தேடி எடுத்து அளந்து பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்துப்போன ஜோடி ஒன்றே ஒன்று கிடைத்தது. எனவே இப்படி இன்னொரு பெடல் செய்ய வழியே இல்லை. இதை மனதில் வையுங்கள்.

மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை, மூன்று பேரை வரவழைத்தாள். மதுரைக்கார இம்தியாஸ், திண்டுக்கல் கிளாட்வின், தேனியிலிருந்து மதிவதனி. மூவருமே கிதாரில் கெட்டிக்காரர்கள். அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு பெட்டியின் மேலிருந்த திருகு குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். பிறகு இம்தியாஸை ஒரே ஒரு சுரம் மீட்டச் சொன்னாள். கரகரவென்று ஒரு முழக்கம் எழுந்தது. அதற்கு மேலே, அவன் மீட்டாத இன்னொரு சுரம், மேல்ஸ்தாயியில், தானாக மலர்ந்தது. யாரோ பின்னால் நின்று கூடப் பாடுகிறார்கள் என்று இம்தியாஸ் திரும்பிப் பார்த்தான். மதிவதனிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு ஒலியை மூவரில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

குமிழ்கள் நின்ற இடங்களில் அக்கா நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டாள்.

“இந்தக் கோட்டை விட்டு நகத்தக் கூடாது. சித்திரையில மதுரை மேடையில ஆளுக்கொரு பாட்டு வாசிங்க. இன்னிக்குக் கேட்ட இதே சத்தத்தை யாரு எனக்குத் திரும்பக் கேக்க வைக்கிறீங்களோ, பெட்டி அவங்களுக்கு.”

மூவரும் பெட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள்.

சித்திரை மாதத்து மதுரையை நான் சொல்லவும் வேண்டுமா? பகல் முழுக்கக் காய்ந்த தகரக் கூரைக்குக் கீழே மேடை. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

இம்தியாஸ் முதலில் பெடலை அழுத்தினான். தொண்டை கட்டியவன் பேச்சு மாதிரி என்னமோ வந்தது. மேல்ஸ்தாயி எங்கே போனதோ தெரியவில்லை. கோடுகளைப் பார்த்தான், எல்லாம் சரியாகவே இருந்தன. சூடு ஏறினால் ஜெர்மானியத்தின் குணம் மாறிவிடும், இது இந்த வெயிலுக்குப் பிறந்ததல்ல என்று அவனுக்குப் புரிந்தது. ஒயரைக் கழற்றிவிட்டு, பெடல் இல்லாமலே தன் பாட்டை வாசித்து முடித்தான்.

அடுத்து மதிவதனி. ஒரு தடவை அழுத்திக் கேட்டாள். பிறகு மைக்குக்கு வந்தாள்.

“அக்கா, நான் குடுத்த வாக்கை மீறப் போறேன். பெட்டி கிடைக்கலைன்னாலும் போகட்டும். அந்தச் சத்தம் இங்கதான் எங்கயோ இருக்கு.”

மண்டியிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு, குமிழ்களைத் திருப்பினாள். கூட்டம் முணுமுணுத்தது. அவள் அசரவில்லை. திடீரென்று வந்ததய்யா அது! மீட்டாத சுரம் மதுரை வானத்தில் ஏறி நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கைக்குழந்தைகூட அண்ணாந்து பார்த்தது.

கடைசியாக கிளாட்வின். அவன் குமிழ்களைப் பழையபடி சிவப்புக் கோட்டிலேயே கொண்டுவந்து வைத்தான். பக்கத்து ஜிகர்தண்டா கடையில் ஐஸ் வாங்கிவரச் செய்து, பெட்டியை அதற்குள் புதைத்தான். பெட்டி குளிர்ந்தது, அதே மார்கழி ஒலி, அச்சு அசலாக, வந்தது. கைத்தட்டல் அடங்குவதற்குள் ஐஸ் உருகி உள்ளே இறங்க, பாதிப் பாட்டில் பெட்டி ஊமையாகிவிட்டது.

அக்கா ஓடிவந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். திறந்து துடைத்து உலர்த்தியதில், நல்லவேளை, மறுநாள் பேசியது.

மூவரும் பெட்டி தனக்கே என்று கேட்டார்கள். வாக்கையும் மீறவில்லை, பெட்டிக்கும் கெடுதல் செய்யவில்லை என்றான் இம்தியாஸ். ஒலியையும் தந்தேன், கோட்டையும் காத்தேன் என்றான் கிளாட்வின். சொன்னதை மீறினேன், கேட்டதைக் கொடுத்தேன் என்றாள் மதிவதனி.

இப்போது சொல்லுங்கள், பெட்டி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மதிவதனிக்கு. இம்தியாஸ் பெட்டியைக் காத்தான், ஆனால் ஒலியைத் தேடவே இல்லை. கிளாட்வின் தேடினான், அதற்கு அவன் பணயம் வைத்தது தன்னுடையதை அல்ல, அக்காவிடம் இருந்த ஒரே டிரான்சிஸ்டர் ஜோடியை. மதிவதனி பணயம் வைத்தது தன் வாக்கையும் தன் வாய்ப்பையும் மட்டுமே, அதையும் ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். பனிக்குப் போட்ட கோட்டை வெயிலுக்கும் விதித்தது தன் தப்பு என்று அக்காவே ஒத்துக்கொண்டு, நகப்பூச்சைச் சுத்தமாகச் சுரண்டி எறிந்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தாள். அடுத்த மார்கழியில் மதிவதனி அதை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போனாள். கண்ணை மூடிக் குமிழ்களைத் திருப்பி, அந்தச் சுரம் மலர்ந்ததும் நிறுத்தினாள். அக்கா குனிந்து பார்த்தாள். சிவப்புக் கோடு இருந்த அதே இடம். மடங்காத விரல்களால் மதிவதனியின் கன்னத்தைத் தொட்டு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.