அண்ணன் கேட்ட மன்னிப்பு

"அம்மா, இது நிசமா பொய்யான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

ஆவுடையப்பன் கைபேசியை நீட்டினார்.

மலையடிவார ஆசிரமத்தில் சிவகாமி அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பனைவிட இருபது வயது இளையவள். அவருக்கு அவள் அம்மா, அவளுக்கு அவர் அண்ணாச்சி. யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

"கையெல்லாம் ஈரம். நீங்களே பிடிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி."

திரையில் அவருடைய அண்ணன் சங்கரபாண்டி தெரிந்தார்.

"தம்பி, அம்மாவுக்கு நான் கொள்ளி வச்சது தப்பு. நீ வரட்டும்னு காத்திருந்திருக்கணும். என்னை மன்னிச்சிரு."

அவ்வளவுதான் வீடியோ.

தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகனின் உரிமை. டெல்லியில் வேலையாக இருந்த ஆவுடையப்பன் வந்து சேர்வதற்குள் மூத்தவர் வைத்துவிட்டார். காரியத்தன்று இளையவர், ஊரே பார்க்க, அண்ணனின் சட்டையைப் பிடித்தார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது இருவரும் இருப்பது ஒரே ஊரில். ஒருவர் கோயிலுக்குள் இருந்தால் மற்றவர் வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுப் போவார். சாமிக்கும் இது பழகிவிட்டது.

"யாரு அனுப்புனா?"

"அண்ணன் மக பூரணி. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. 'அப்பா உங்களுக்குக் காட்டச் சொன்னாங்க சித்தப்பா'ங்கா. வியாழக்கிழமை அண்ணனுக்கு நெஞ்சுல ஆபரேசன்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வங்கியில் கள்ளக் கையெழுத்துப் பிடித்தே ஓய்வு பெற்றவர். கேட்க வேண்டுமா!

"பொய்யிம்மா, கம்ப்யூட்டர்ல செஞ்சது. அண்ணன் பேசும்போது இடது கண்ணு சுருங்கும். இதுல சுருங்கல. தோள்ல கிடக்க துண்டைப் பாருங்க. கரை ஒரு இடத்துல ரெண்டு கோடு, இன்னொரு இடத்துல மூணு கோடு. என்னைத் தம்பின்னு கூப்பிட்டதே கிடையாது, 'ஏல'தான். எல்லாத்துக்கும் மேல, மன்னிப்புங்கிற வார்த்தை அவர் வாயில வராது. பத்தாப்புல அவர் பெயிலானப்பகூட வாத்தியார்தான் எங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு."

அம்மை சிரித்ததில் மடியிலிருந்த கீரை சிதறியது.

"சிரிக்காதீங்கம்மா. என் மருமகன் இதை ஒரு ஆப்புல போட்டுப் பாத்தான். பொய்ங்குது. இன்னொண்ணுல போட்டான். நிசம்ங்குது."

"இன்னொரு தரம் ஓட விடுங்க."

ஓட விட்டார். இந்த முறை அம்மை திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் சொல்லச் சொல்ல ஆவுடையப்பனின் உதடுகளும் கூடவே அசைந்தன. மனப்பாடமாகியிருந்தது, பாவம்.

"பொய்யின்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டீய. நிம்மதியா இருந்துச்சா?"

"இல்லம்மா." குரல் இறங்கியது. "அழுதுட்டேன். நிசமா இருந்தா உனக்கு என்ன கொறஞ்சா போயிரும்னு சாமிகிட்டச் சண்டை போட்டேன். அந்தத் துண்டுக் கரையை நான் பாக்காமலே இருந்திருக்கலாம்."

"அண்ணன்கிட்டக் கேட்டீயளா?"

"என்னன்னு கேக்க? 'யாருல உன்கிட்ட மன்னிப்புக் கேட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா? பிறகு அவர் செத்தாக்கூட என்னால அந்த வாசலை மிதிக்க முடியாது."

அம்மை முந்தானையில் கையைத் துடைத்தாள். கைபேசியை வாங்கினாள். அண்ணன் பெயரைத் தேடி அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டுக் கீரைக்கூடையின் மேல் வைத்தாள்.

"அம்மா! என்ன காரியம் பண்ணிட்டீய!"

மணி அடித்தது. அவர் எழுந்து ஓடப் பார்த்தார். அம்மை அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏல," என்றது அண்ணனின் குரல்.

ஆவுடையப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னையே ஏமாத்தப் பாக்கீகளோ? சட்டையைப் பிடிச்சதுக்கு நீ மன்னிப்புக் கேக்குத மாதிரி ஒரு வீடியோ. சித்தப்பா அனுப்புனாங்கன்னு பூரணி கொண்டாந்து காட்டுதா. பாத்த உடனே பொய்யின்னு சொல்லிட்டேன். உன் மீசை என்னைக்குல ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்துச்சு? முளைச்ச நாள்லேருந்து கோணல். நீயாவது, மன்னிப்புக் கேக்குறதாவது!"

ஆவுடையப்பன் அம்மையைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று செய்து வைத்த அந்தப் பெண்ணை நினைத்து அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.

"பொய்யின்னு தெரியுது." இருமல் வந்தது. "தெரிஞ்சும் தினமும் எடுத்துப் பாக்கேன்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆவுடையப்பன் கூடையருகே குனிந்தார்.

"அண்ணே, அதுல பேசுனது நான் இல்ல."

"அதான் தெரியுமே."

"இப்ப பேசுதேனே, இது நான்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பச் சொல்லுல," என்றார் அண்ணன். "அதுல அவன் சொன்னதை நீ சொல்லு."