மிக்ஸியின் ஆயுசு

கோவில்பட்டியில் மிக்ஸிக்கடை சங்கரபாண்டியன் வீட்டில் சமையல் வேலை பார்த்தவள் ஆவுடைத்தாய். ஒருநாள் தேங்காய் அரைக்கும்போது மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது.

"தினம் மூணு வேளை அரைச்சா எந்த மிக்ஸிதான் தாங்கும்? புதுசு வாங்கி வை, இல்லேன்னா வேலையை விட்டு நின்னுக்கோ!" என்று குதித்தார் முதலாளி.

மறுநாள் ஆவுடை கூடையும் கையுமாகக் கடைக்குப் போனாள். கல்யாண சீசன், கடை நிறையப் பெண்கள். நடுவில் முதலாளி முழங்கிக்கொண்டிருந்தார்: "பத்து வருஷம் அசையாதும்மா! நடுவுல நின்னா அந்த இடத்துலயே புதுசு தருவேன்!"

"தினம் மூணு வேளை அரைச்சாலுமா?" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கேட்டாள் ஆவுடை.

யாரென்று பார்க்காமலே, "முப்பது வேளை அரைங்களேன்!" என்றார் அவர்.

ஆவுடை முன்னால் வந்து, கூடையிலிருந்த மிக்ஸியை மேசைமேல் வைத்தாள். "அப்போ இதுக்குப் புதுசு கொடுங்க முதலாளி. போன ஆயுத பூஜையன்னிக்குப் பெட்டியைப் பிரிச்சு நீங்க வச்ச சந்தனப் பொட்டுகூட இன்னும் அழியலை."

கடையே சிரித்தது. வேறு வழியில்லாமல் புது மிக்ஸியை எடுத்துக் கொடுத்த முதலாளி, "இதை வீட்டுலயே கேட்டிருக்கக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தார்.

"வீட்டுல அதுக்கு ஆயுசு கம்மி முதலாளி. கடையிலதானே பத்து வருஷம்!"