தகைவிலானின் செங்காவித் தலை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. மனிதர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். தகைவிலான் குருவிக்கு அப்போது தலை முழுக்கக் கறுப்புதான். ஆனால் கர்வத்துக்குக் குறைவில்லை. சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து அவள் அப்பும் கூடு எந்தக் காற்றுக்கும் அசையாது.

அவள் இருந்த கடற்கரை ஊரில் மாதாவுக்குக் கோயில் எழும்பியது. ஊரே பவளப்பாறைக் கல் சுமந்தது. பீடத்துக்கு மேலே வளைவு கட்டி, அதில் செங்காவிப் போர்வையோடு மாதாவை வரைந்தவர் கஸ்பார் மேஸ்திரி. அந்த வளைவைப் பார்த்ததும் குருவிக்கு ஆசை வந்துவிட்டது. முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. குஞ்சு பொரிக்க இதைவிட நல்ல இடம் உண்டா?

"கோயிலுக்குள்ள சேத்தையா அப்புத? போ வெளிய!" என்று கஸ்பார் துடைப்பத்தால் கூட்டைத் தட்டிவிட்டார். மறுபடி கட்டினாள். மறுபடி தட்டினார்.

"என் சேறு தானா விழுந்ததில்ல, மேஸ்திரியாரே. உம்ம பூச்சு நிக்குதான்னு பாரும்!"

வாய்த்துடுக்காகச் சொன்னதுதான், பலித்துவிட்டது. கொடியேற்றத்துக்குள் முடிக்கும் அவசரத்தில் கஸ்பார் கடல் மணலை நல்ல தண்ணீரில் அலசாமலே சுண்ணாம்பில் குழைத்திருந்தார். திருநாள் காலையில் உப்பு பூத்து, மாதாவின் முகத்துக்குக் கீழே பூச்சு வாய் பிளந்தது. சாரத்தையோ முந்தின நாளே பிரித்துவிட்டார்கள்.

"ஐயோ, தாயி முகம் போயிருமே!" என்று கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டார்.

குருவிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முகம் அவளுக்கும் பிடிக்கும். கிணற்றடிக்குப் பறந்து, வாய் நிறையச் சேறு அள்ளிவந்து வெடிப்பில் அடைத்தாள். தலையால் முட்டி முட்டி இறுக்கினாள். போர்வையின் செங்காவி அவள் உச்சந்தலையில் அப்பியது. மூச்சு வாங்கியது, வயிற்றுப் பாரம் வேறு. அவள் நிறுத்தவில்லை. ஆட்கள் ஓடியோடிச் சாரம் கட்டி, கஸ்பார் சுண்ணாம்போடு மேலே ஏறும்வரை ஒரு சில்லுகூட விழவில்லை.

கஸ்பார் அந்தச் சேற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. கண் கலங்கக் குருவியைப் பார்த்தார்.

"மன்னிச்சிரு தாயி. இந்த வளைவு இனி உனக்கும் வீடுதான். ஒருத்தரும் கை வைக்க மாட்டாவ. வா, தலையக் கழுவி விடுதேன்."

"கழுவ மாட்டேன்," என்றாள் குருவி. "இந்தக் கோயிலைக் கட்டினதுல நானும் ஒருத்தி. ஊரு பாக்கட்டும்!"

இன்றும் அங்கே திருநாளுக்கு வெள்ளையடிப்பவர்கள் வளைவிலுள்ள கூட்டைத் தொடாமல் சுற்றித்தான் அடிக்கிறார்கள். தகைவிலான் தலையில் அன்று ஏறிய செங்காவியும், எத்தனை மழை பெய்தும், இன்னும் இறங்கவில்லை.