சுருளி மடக்காத கை

அந்தக் காலத்தில், கேட்பதற்குப் பூமியில் ஒரு காதுகூட முளைக்காதபோது, வானத்து நட்சத்திர மண்டலங்கள் பேசும், பாடும், கும்மியடிக்கும். ஒவ்வொருத்திக்கும் உடம்பெல்லாம் நட்சத்திரம், இரண்டு பக்கமும் அளவாகச் சுருண்ட கைகள். சுற்றிச் சுற்றி ஆடுவதுதான் அவர்கள் பிழைப்பு.

பாட்டு எடுத்துக் கொடுப்பவள் பருத்தாயி. கூட்டத்திலேயே பெரியவள். சட்டமும் அவளுடையதுதான்: கும்மியில் கை தட்டலாம், யாரும் யாரையும் பிடிக்கக் கூடாது, பிடித்தால் வடிவம் கெட்டுவிடும். வடிவமாம் வடிவம்! வழி தவறிப் பக்கத்தில் வரும் குட்டி மண்டலங்களைப் பாட்டுக்கு நடுவிலேயே அவள் விழுங்கிவிடுவாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுவார்கள். தங்கள் அழகு போய்விடுமே என்ற பயம்.

ஒருமுறை பொட்டு என்ற பொடிசு தடுமாறிப் பருத்தாயி பக்கம் சரிந்தது. "அக்கா, காப்பாத்துங்க!" என்று கத்தியது. எல்லாரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். சுருளி என்பவளுக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒரு கையை எட்டி நீட்டிப் பொட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி! உன் கையைப் பாரு, கோணிக்கிட்டு வருது" என்றாள் பருத்தாயி.

"கோணட்டும்."

பருத்தாயி பொட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சுருளியின் கை நீண்டது, இடுப்பு வளைந்தது, நடுவில் இருந்த நெஞ்சே ஒரு பக்கமாக நகர்ந்தது. வலியில் அலறினாள், ஆனால் விடவில்லை. கை நெடுகிலும் தூசி திரண்டு புது நட்சத்திரங்கள் பற்றிக்கொண்டன. அந்தச் சூடு தாங்காமல் பருத்தாயிதான் பின்வாங்கினாள்.

"சரி, அது பிழைச்சுப் போகட்டும். நீ கையை மடக்கிக்கிட்டு வட்டத்துக்கு வா. பழைய அழகு தானா வந்துரும்" என்று நைச்சியமாகக் கூப்பிட்டாள்.

பொட்டு அந்தக் கையை இன்னும் இறுக்கிக்கொண்டது. "அக்கா, விட்டுராதீங்க."

"மடக்க மாட்டேன்" என்றாள் சுருளி. "நான் எப்ப மடக்குவேன்னுதானே வாயைத் திறந்து வச்சிருக்கே? நான் கோணலாவே ஆடுறேன். பாக்கப் பிடிக்கலேன்னா நீ கண்ணை மூடிக்கோ!"

சொல்லிவிட்டுத் தன் பாட்டைத் தானே எடுத்துப் பாடினாள்.

அன்று முதல்தான் நமக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சுருள் மண்டலத்துக்கு ஒரு கை நீண்டு, நெஞ்சு விலகிக் கிடக்கிறது. தொலைநோக்கியில் பார்ப்பவர்கள், ஐயோ, சிதைந்துபோய்விட்டதே என்கிறார்கள். அந்தக் கையின் நுனிவரை பார்த்துவிட்டுப் பேசட்டும். பொட்டு அங்கே இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.