எப்பவும் பாடுற கண்ணாடி

கிட்ட வந்து உட்காருங்க. காலை மடக்கிக்கிட்டா இன்னும் ரெண்டு பேருக்கு இடம் கிடைக்கும்.

மலையும் மலையும் பேசிக்கிட்டிருந்த காலத்திலே, கருவேலி ராஜ்யத்திலே செங்கமலம்னு ஒருத்தி இருந்தாள். தாயில்லாத தங்கச்சி வடிவை அவள்தான் வளர்த்தாள். அந்த ஊரிலே பெண்வீட்டார் நலங்குப் பாட்டுப் பாடினால்தான் மாப்பிள்ளை வாசப்படி மிதிப்பான். பாட்டு இல்லையா, கல்யாணமும் இல்லை.

சந்தையிலே ஒரு மாயாவி கூடாரம் போட்டு, பாடுற கண்ணாடி விற்றான். தொட்டால் போதும், பாடும். "எப்பவும் உனக்கே" என்றான். விலையாகக் கேட்டது தலைமுடியின் கருமையை. ஊரே கொடுத்தது. செங்கமலமும் கொடுத்து, நரைத்த தலையோடு கண்ணாடியைக் கொண்டுவந்தாள். வந்த கையோடு, கல்யாணத்துக்குக் கல்யாணம் நலங்கு பாடுகிற அங்கம்மா அத்தையிடம் போய், "இனி நீங்க வரவேண்டாம் அத்தை, உங்க தொண்டை இரையுது" என்று சொல்லிவிட்டாள்.

வடிவு கல்யாணம் வந்தது. அசலூர் மாப்பிள்ளை வாசலில் நின்றான். செங்கமலம் கண்ணாடியைத் தொட்டாள், பாடவில்லை. துடைத்தாள், பாடவில்லை. கும்பிட்டாள், அப்பவும் பாடவில்லை.

"என்ன சம்பந்தி, கண்ணாடிக்குத் தொண்டைக்கட்டா? சுக்குக் கஷாயம் வையுங்க" என்றார் மாப்பிள்ளையின் மாமன். பந்தலே சிரித்தது. உள்ளே வடிவு குனிந்த தலை நிமிரவில்லை.

செங்கமலம் சந்தைக்கு ஓடினாள். மாயாவி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எப்பவும் எனக்கேன்னு சொன்னீரே?"

"கடை இருக்கிறவரைக்கும் எப்பவும்தான். கடையைக் கட்டியாச்சு தாயே, பாட்டும் போச்சு."

"கடையோட எல்லாம் முடிஞ்சதா?"

"முடிஞ்சது."

"கொடுத்தது, வாங்கினது எல்லாமா?"

"முடிஞ்சதுன்னேனே."

"சத்தியமா?"

"சத்தியமா முடிஞ்சது, ஆளை விடு."

"அப்போ நாங்க கொடுத்ததும் முடிஞ்சதுதானே?"

மாயாவி வாயைப் பொத்தினான். பொத்தி என்ன செய்ய? மாயாவி மூணு தரம் சொன்ன சொல் பலித்தே தீரும். கருகருவென்றிருந்த அவன் தலையிலிருந்து கருமையெல்லாம் காக்கைக் கூட்டமாய்க் கிளம்பி, ஊர்த் தலைகளில் இறங்கியது. வெளுத்த தலையோடு அவன் எல்லை தாண்டி ஓடினான்.

கருமை திரும்பியது. பாட்டு திரும்பவில்லை. மாப்பிள்ளை இன்னும் வாசலிலேதான்.

செங்கமலம் அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என் தொண்டை இரையுமேம்மா?"

"நான் பேசினதுக்கு என்னை அடிங்க அத்தை. வடிவைக் கைவிட்டுடாதீங்க."

"என்னை அடுப்படியிலே சமாதானம் பண்ணாதே. நாலு பேர் முன்னாலே சொல்லு. முதலடியையும் நீயே பாடு. ரெண்டாமடிக்கு நான் இருக்கேன்."

செங்கமலம் பந்தல் நடுவிலே நின்று, அத்தையை என்ன சொல்லி ஒதுக்கினாளோ அதை அப்படியே சொன்னாள். சிரிப்பு அடங்கியது. கண்ணாடி வந்த நாள்முதல் பாடாத வாயைத் திறந்தாள். முதலடி கோணலாய் வந்தது. அத்தை இரைகிற தொண்டையால் ரெண்டாமடியைப் பிடித்தாள். மாப்பிள்ளை வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தான்.

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூணாமடியை அத்தையோடு சேர்ந்து பாடினாள்.