இரண்டாம் தாளில் ஒரு பெயர்

"பிரஸ்காரங்க பேசுற வார்த்தை எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுக்கணும்மா. ஒண்ணு விடாம" என்றார் சங்கரலிங்கம்.

ரூபி நிமிர்ந்து பார்த்தாள்.

ஞானம் வேண்டுமென்று மலையேறிப் போகிறவர்கள் உண்டு. சங்கரலிங்கம் பாளையங்கோட்டையில், தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருந்த ஓர் அச்சகத்துக்கு வந்திருந்தார். ஐம்பத்தாறு வயது. ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பிணவறைக்குப் பொறுப்பான எழுத்தர். அச்சகத்தை நடத்தும் ரூபிக்கு முப்பத்திரண்டுதான். ஆனால் படிவம் அடிக்கிற விஷயம் என்றால் ஊரே அவளிடம்தான் போய் நிற்கும். போனவர்களில் பாதிப் பேரை ஆர்டர் வாங்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்தத் திமிருக்காகவே மீதிப் பேர் வந்தார்கள்.

"வார்த்தை எதுக்கு அண்ணாச்சி? என்ன அடிக்கணும்னு சொல்லுங்க, அடிச்சுத் தாரேன்."

"வார்த்தை தெரியாமத்தான் கெட்டேன்."

பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

உடல் ஒப்படைப்புப் படிவம். வெள்ளை, பிங்க், மஞ்சள் என்று மூன்று மூன்று தாளாகச் சேர்ந்த புத்தகம். பாதிக்கு மேல் எழுதாமல் கிடந்தது.

"இன்னும் அம்பது செட்டு இருக்கே. புதுசு எதுக்கு?"

"இதுல எழுத மாட்டேங்கானுவ. தொடவே மாட்டேங்கானுவ."

"யாரு?"

"ஆஸ்பத்திரி ஆளுவதான். அடுத்தாப்ல வாறவன் பேரை இது முன்னாடியே எழுதி வச்சிருதுங்கானுவ."

ரூபி சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தாள். எழுதாத முதல் செட்டின் வெள்ளைத்தாளைத் தூக்கினாள். கீழே பிங்க் தாளில், பெயருக்கான கோட்டின்மேல், மங்கலாக ஊதா நிறத்தில் ஒரு பெயர் இருந்தது. முத்துப்பேச்சி.

வெள்ளையில் ஒன்றுமில்லை.

"இதை எங்க அடிச்சிய?"

"வேற ஒரு பிரஸ்ல. அவன் கேட்டான். கார்பன்லெஸ்ஸான்னான், ஆமான்னேன். நம்பரிங் வேணுமான்னான், வேண்டாம்னேன். ஃப்ளாப் வேணுமான்னான்."

"என்ன சொன்னிய?"

"அதெல்லாம் எதுக்குன்னேன்."

"ஃப்ளாப்னா என்னன்னு கேட்டியளா?"

"முப்பது வருஷ சர்வீஸ். ஒரு சின்னப் பயகிட்டப் போய் எப்படிக் கேக்க?"

கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வெட்கம்தான். ஆனால் கவுண்டரில் நின்று தெரியாத வார்த்தைக்குத் தலையாட்டாதவர் நம்மில் எத்தனை பேர்? அவர்மேல் கோபப்பட முடியாது, பாவம்தான் படலாம்.

ரூபி பேனாவை நீட்டினாள்.

"உங்க பேரை எழுதுங்க."

"இதுலயா?"

"இதுலதான்."

எழுதினார். அவள் அந்த மூன்று தாளையும் புரட்டி ஒதுக்கினாள். அடுத்த செட்டின் வெள்ளைத்தாள் பளிச்சென்று இருந்தது. அதையும் தூக்கினாள்.

பிங்க் தாளில் சங்கரலிங்கம் என்று இருந்தது. அதன் கீழே மஞ்சளிலும் இருந்தது.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிணவறைப் படிவத்தில் தன் பெயரைப் பார்ப்பது யாருக்கும் நல்ல காட்சி இல்லை.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல அண்ணாச்சி. இந்தத் தாளுக்கு முதுகுல மை. அழுத்தினா கீழ இறங்கும். நீங்க இந்த செட்டுல அழுத்துனது அடுத்த செட்டு வரைக்கும் போகும். முத்துப்பேச்சியும் முந்தின செட்டுலருந்து அப்படி இறங்குனதுதான். மேல வெள்ளையில தெரியாது, உள்ளதான் விழும். அதைத் தடுக்க நடுவுல ஒரு அட்டை செருகணும். பின்னட்டையோட நீளமா வந்து மடங்கி நிக்கும். அதுக்குப் பேர்தான் ஃப்ளாப்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

அவர் வெகுநேரம் அந்த மஞ்சள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் போயிருந்த நண்பகல். உள்ளே மெஷின் எதுவும் ஓடவில்லை. சந்தில்கூட ஆள் நடமாட்டம் இல்லை.

"மஞ்சள் எங்க போகும்?" என்று ரூபி கேட்டாள்.

"கால் கட்டைவிரல்ல கட்டுவோம்."

"பிங்க்?"

"சொந்தக்காரங்களுக்கு."

"அப்போ ரெண்டுலயும் பேர் தப்பா விழுந்திருக்குமே."

"ஒரே ஒரு தடவைதான்" என்றார் அவர்.

பிறகு சொல்ல ஆரம்பித்தார். பத்து நாளைக்கு முன்பு ஒரே காலையில் இரண்டு கிழவர்கள். முதலாமவர் நாங்குநேரி பக்கத்து ஆள், பெயர் சுடலைமுத்து. அவருக்குச் சங்கரலிங்கம் படிவம் எழுதினார். அடுத்தவர் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர், பெயர் தெரியாது. பெயர் தெரியாதவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. கோடு கிழிக்க மாட்டார்கள், 'தெரியவில்லை' என்றும் எழுத மாட்டார்கள். யாராவது தேடி வந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று பெயரிடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

"நல்ல வழக்கம்" என்றாள் ரூபி.

"நல்ல வழக்கந்தான். நான் வெள்ளையில காலியா விட்டேன். மஞ்சள்ல அது காலியா இல்ல."

இரண்டு கிழவர்கள் காலிலும் சுடலைமுத்து. நம்பரும் இல்லை. மறுநாள் துபாயிலிருந்து மகன் வந்தான். பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தவன். ஆஸ்பத்திரி ஆள் கைக்கு முதலில் கிடைத்த சீட்டைப் படித்து, ஓர் உடலை வெளியே எடுத்துக் கொடுத்தான்.

"மகனுக்குமா தெரியலை?"

"துணியை விலக்கிப் பார்த்தான். அப்பா ரொம்ப மெலிஞ்சிட்டாரேன்னான். அழுதான். வண்டியில ஏத்திக்கிட்டுப் போய்க் கொள்ளி வச்சிட்டான்."

ரூபி எழுந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. அவர் சொல்லச் சொல்லப் புதிய படிவத்தைத் தட்டினாள். மூலையில் வரிசை எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டாள். மாதிரிக்குச் சின்ன பிரிண்டரில் மூன்று நிறத் தாளிலும் அச்செடுத்து, இரண்டு செட்டாக அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்தாள். நடுவில் ஒரு தடித்த அட்டையைச் செருகினாள்.

"இது புரூஃப். நிரப்பிப் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போடணும். அப்பதான் மெஷின் ஓடும். காலி புரூஃபை நான் ஒத்துக்கிடுறது இல்ல."

"யார் பேரை எழுத?"

"கற்பனையா எழுதுனா படிவத்துல என்ன குறைன்னு தெரியாது. நடந்த ஒண்ணை எழுதுங்க."

அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் சுடலைமுத்து என்று எழுதினார். வயது எழுபத்தொன்று. ஊர் எழுதினார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"அங்க அடையாளம்" என்று ரூபி அந்த வரியைப் படித்தாள்.

"இடது கால்ல சுண்டுவிரல் கிடையாது."

"எழுதுங்க."

"முதல்லயே எழுதியிருந்தேன்மா. பழைய வெள்ளைத்தாள்ல என் கையாலயே எழுதியிருந்தேன்."

"பொறவு?"

"மூணாம் நாள் கார்ப்பரேஷன் வண்டி வந்துச்சு, பேர் தெரியாத ஆளை எடுத்துட்டுப் போய்ப் புதைக்க. ஏத்தும்போது துணி விலகிருச்சு." அவர் குரல் கீழே போய்விட்டது. "சுண்டுவிரல் இல்ல."

"நீங்க என்ன செஞ்சிய?"

"துணியை இழுத்து மூடுனேன். யார்கிட்டயும் சொல்லலை."

வெளியே ஒரு சைக்கிள் போனது. ரூபி அதே வரியை விரலால் காட்டினாள்.

அவர் அடையாளத்தை எழுதினார். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் மகன் பெயரை எழுதினார். அழுத்தி அழுத்தி, மேசை ஆடும்படி எழுதினார்.

"இப்போ அட்டையை எடுத்துட்டு அடுத்த செட்டைப் பாருங்க" என்றாள்.

அட்டையை உருவினார். வெள்ளையைத் தூக்கினார். பிங்க் தாளின்மேல் விரலை வைத்தார்.

"இறங்கியிருக்கே."

"எங்க?"

"இந்தா. சுடலைமுத்துன்னு தெளிவா இருக்கே. உன் அட்டையும் தாங்கலையேம்மா."

ரூபி தாளை வாங்கினாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன். வெறும் தாள்."

அவர் மஞ்சளைத் தூக்கினார். அதிலும் இருந்தது. மேசையில் கிடந்த வேறொரு தாள்கட்டை இழுத்துப் பிரித்தார். அது யாரோ ஒரு மரக்கடைக்காரரின் டெலிவரி சலான், அதுவரை யாரும் பிரிக்காதது. அதிலும் ஒவ்வொரு இரண்டாம் தாளிலும், சரக்கு விவரம் எழுதுகிற இடத்தில், சுடலைமுத்து, சுடலைமுத்து என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே போனார். ரூபி தடுக்கவில்லை. கட்டு முடியும்வரை விட்டுவிட்டாள்.

"இதுக்கு உங்க பாஷையில என்னம்மா பேர்?" என்று கேட்டார். "இதை நிப்பாட்ட என்ன போடச் சொல்லணும்? அந்த வார்த்தையைச் சொல்லு. என்ன செலவானாலும் போட்டுருவோம்."

"அப்படி ஒரு வார்த்தை பிரஸ்ல கிடையாது அண்ணாச்சி."

அவர் நிரப்பிய செட்டை அவள் தன் பக்கம் இழுத்தாள். வெள்ளையை ஒதுக்கினாள். பிங்க் தாளை மட்டும் பின்னிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்து, நான்காக மடித்து, அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"மகன் என்னிக்குத் துபாய்க்குக் கிளம்புதான்?"

"நாளைக்குக் காலையில பிளைட்டு."

"பிங்க் தாள் யாருக்குன்னு சொன்னிய?"

"சொந்தக்காரங்களுக்கு."

"அப்போ இங்க ஏன் நிக்கிய?"